கையெழுத்தும் நேரமும்

ஆரோக்கிய ஷீலாவைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், பதினெட்டு வருடம் அவரோடு சண்டை போட்டவன் என்பதுதான். கூடிக் குலாவியவர்களைவிடச் சண்டை போட்டவனுக்குத்தான் ஒரு ஆளை நன்றாகத் தெரியும்.

காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கிறோம். மருத்துவமனையின் பெயர் வேண்டாம், எனக்கு இன்னும் நாலு வருட சர்வீஸ் இருக்கிறது. அறுபது படுக்கை, ஒரு லிஃப்ட், மழை பெய்தால் அந்த லிஃப்டுக்கும் லீவு. ஷீலா அங்கே ஐ.சி.யூ.வின் பொறுப்பு நர்ஸ். நான் அழகுசுந்தரம், கீழ்த்தளத்தில் ரெக்கார்டு ரூம். நோயாளி வீட்டுக்குப் போனதும் அவருடைய கேஸ் ஷீட் என்னிடம் வரும். பக்கம் பக்கமாகப் புரட்டி, நர்ஸுகள் எழுதிய ஒவ்வொரு குறிப்புக்குக் கீழேயும் கையெழுத்தும் நேரமும் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் சிவப்புச் சீட்டு ஒட்டி மாடிக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன். இதனால் மாடியில் எனக்கு இருக்கும் பெயர்களை இங்கே எழுத முடியாது.

ஷீலா வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் பதினோரு சிவப்புச் சீட்டோடு கீழே இறங்கி வந்தார். ஒரு உயிரைப் பிடித்து நிறுத்துகிற நேரத்தில் மணி பார்த்து எழுத முடியுமா என்று கேட்டார். கையெழுத்தும் நேரமும் இல்லாத குறிப்பு எழுதாத குறிப்பு, நாளைக்கு ஒன்று ஆனால் உங்களைக் காப்பாற்ற அதுதான் இருக்கும் என்றேன். நான் மேனேஜ்மெண்டின் ஆள் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். ஆனாலும் ஒரு வருடத்துக்குள் அவருடைய ஷீட்டில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாமல் போயிற்று. வீட்டில் மளிகைச் சீட்டு எழுதினால்கூட அடியில் 'ஏ.எஸ்.' என்று போட்டு மணியையும் எழுதிவிடுவதாக அவருடைய கணவர் இமானுவேல் ஒருமுறை என்னிடம் சிரித்துக்கொண்டே குறைப்பட்டார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது ஆஸ்பத்திரிப் பழக்கம்.

அந்த ஐ.சி.யூ.வை நாலு படுக்கையோடு திறந்தபோது உள்ளே போனவர் ஷீலா. இப்போது பன்னிரண்டு படுக்கை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் எந்தப் படுக்கையின் மானிட்டர் கத்துகிறது என்று சொல்வார். டாக்டர்களே ஒரு முடிவு எடுக்குமுன் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். அந்த அறையை விட்டால் அவருக்கு வேறு பெருமை கிடையாது. சொந்த வீடு, கணவர், திருச்சியில் படிக்கும் மகள் யூஜினியா எல்லாம் உண்டுதான். ஆனால் ஷீலா யார் என்று கேட்டால் ஷீலாவே 'ஐ.சி.யூ. சிஸ்டர்' என்றுதான் சொல்வார்.

சென்ற ஆண்டுக் கடைசியில் மூன்று நர்ஸுகள் வெளிநாடு போனார்கள். அந்த இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. ஜனவரியிலிருந்து ஐ.சி.யூ.வில் இரட்டை டூட்டி, காலை ஏழிலிருந்து இரவு ஒன்பதுவரை. எனக்கு யாரும் சொல்லவில்லை, ஷீட்டே சொல்லிற்று. காலை ஏழரைக்கும் ஏ.எஸ்., இரவு எட்டரைக்கும் ஏ.எஸ். காலையில் நிமிர்ந்து நிற்கும் எழுத்து சாயங்காலத்தில் சாய்ந்து, ராத்திரியில் கோட்டை விட்டு இறங்கிவிடும். வீட்டில் ஃப்ரிட்ஜ் சத்தம் நின்றால் ஷீலா தூக்கிவாரிப் போட்டு எழுந்துவிடுகிறார், பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சை எண்ணுகிறார், நிம்மதியாகத் தூங்குவது ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போது மட்டும்தான் என்று இமானுவேல் சொன்னார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

மார்ச் மாதம் அந்த ஃபார்ம் வந்தது.

மருத்துவமனைக்கு ஏதோ தரச் சான்றிதழ் வாங்கப் போகிறார்களாம். ஊழியர்களின் மனநிலை எப்படி, அதனால் வேலை எப்படி என்று ஒரு கணக்கெடுப்பு வேண்டுமாம். ஒரே ஒரு தாள். சரியாகத் தூங்குகிறீர்களா, வேலைக்கு வரும்போது மனம் எப்படி இருக்கிறது, களைப்பினால் தவறு நேரும் நிலை வந்ததுண்டா என்று பத்துக் கேள்வி. ஒன்றிலிருந்து ஐந்துவரை வட்டமிட வேண்டும். ஐந்து என்றால் பிரமாதம். அடியில் மனதில் உள்ளதை எழுத ஒரு கட்டம். உச்சியில் கொட்டை எழுத்தில், 'பெயர் எழுத வேண்டாம்.'

அந்த ஒரு வரிதான் எல்லோரையும் கலவரப்படுத்திற்று. வருவதற்கும் போவதற்கும் விரல் ரேகை கேட்கிற இடம், திடீரென்று பெயர் வேண்டாம் என்றால் யார் நம்புவார்கள்? தாளின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத நம்பர் இருப்பதாக ஒருத்தி சொன்னாள். எழுதிய தாளைப் போட வைத்திருந்த பெட்டிக்கு எதிரே புதிதாகக் கேமரா வைத்திருப்பதாக இன்னொருத்தி சொன்னாள். அந்தக் கேமரா மூன்று வருடமாக அங்கேதான் இருக்கிறது, அதுவும் ஓடுவதில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஆனால் அவர்கள் அரண்டதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடம் முன்பு 'மனம் திறந்து பேசுவோம்' என்று ஒரு கூட்டம் போட்டார்கள். பாண்டீஸ்வரி என்ற நர்ஸ் மனம் திறந்து பேசினாள், அழுதும் விட்டாள். மறுவாரம் அவளை டோக்கன் கொடுக்கும் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். மனம் பலவீனமானவர்கள் நோயாளி பக்கத்தில் இருக்கக் கூடாதாம். ஒரு மாதத்தில் வேலையை விட்டுவிட்டுத் திருப்பத்தூருக்குப் போய்விட்டாள். ஆகவே இந்த முறை முப்பத்தொரு நர்ஸும் கூடிப் பேசி, எல்லாக் கேள்விக்கும் ஐந்தில் வட்டம் என்று முடிவெடுத்தார்கள். யாராவது எழுதுவதாக இருந்தால் தமிழில் எழுத வேண்டும் என்றும் பேச்சு. ஷீட்டெல்லாம் ஆங்கிலத்தில் எழுதுவதால் அவர்களுடைய ஆங்கில எழுத்துத்தான் எனக்குத் தெரியும். தமிழில் எழுதினால் ரெக்கார்டு ரூம்காரனால் கண்டுபிடிக்க முடியாது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். என்னைப் பற்றி அவர்கள் வைத்திருந்த மதிப்பு அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டேகாலுக்கு, டூட்டி மாறுகிற நேரத்தில், மேனேஜர் சத்தியமூர்த்தி பெட்டியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். எண்ணி, வார்டு வாரியாகப் பிரித்து வைக்கச் சொன்னார். தாளில் வார்டே எழுதவில்லையே சார் என்றேன். அவர் சிரித்தார்.

"உங்களுக்குத் தெரியாத கையெழுத்தா சுந்தரம்? நாலு மணிக்கு வந்து வாங்கிக்கிறேன்."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நர்ஸுகள் பயந்த பேய் இருட்டில் இல்லை, என் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று அப்போது புரிந்தது. தெரியாது என்று சொல்லிவிடலாம், நான் என்ன சோதிடனா என்று நினைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தேன்.

முதல் தாளை எடுத்தேன். தமிழில், அச்சடித்தது போல ஒட்டாத எழுத்து. யார் என்று என்னால் சொல்லவே முடியாது. அடியில் ஆங்கிலத்தில் அழகாக ஒரு சுருக்கக் கையெழுத்து. பக்கத்தில் 1.50.

இரண்டாவது தாளை எடுத்தேன். கையெழுத்து, 1.55. மூன்றாவதில் இல்லை. நாலாவதில் இருந்தது.

முதலில் சிரித்துவிட்டேன், பொய் சொல்லவில்லை. பேனாவை மாற்றியிருக்கிறார்கள், எழுத்தை மாற்றியிருக்கிறார்கள், ஒருத்தி பென்சிலில்கூட எழுதியிருக்கிறாள். எழுதி முடித்ததும் கை தன் பாட்டுக்குக் கீழே போய்க் கையெழுத்தும் நேரமும் போட்டிருக்கிறது. முப்பத்தொன்றில் இருபத்திரண்டு தாள். பதினெட்டு வருடம் சிவப்புச் சீட்டு ஒட்டி ஒட்டி நான் பழக்கிய கைகள்.

பிறகு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். பார்க்கக் கூடாது. பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டவர்கள் நாலே பேர். மற்றவர்கள் கூடிப் பேசிய முடிவை ஒருவருக்கொருவர் தெரியாமல் மீறியிருந்தார்கள். தூங்குவதில்லை. குளியலறையில் அழுகிறேன். சொந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எரிச்சல் வருகிறது. காலையில் பஸ் ஏறும்போது பஸ் கவிழ்ந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றுகிறது. எனக்குச் சிரிப்பு போய்விட்டது. இருபத்திரண்டு பாண்டீஸ்வரிகள் என் மேஜைமேல் கிடந்தார்கள், நாலு மணிக்குச் சத்தியமூர்த்தி வருவார்.

அப்போது கதவைத் தட்டாமல் ஷீலா உள்ளே வந்தார். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. நின்ற இடத்திலிருந்தே மேஜைமேல் பரப்பியிருந்த தாள்களைப் பார்த்தார். எத்தனை வருடமாக நான் வேவு பார்ப்பவன் என்று சந்தேகப்பட்டாரோ, அது கண்முன்னே நடந்துகொண்டிருந்தது.

"எல்லாம் படிச்சிட்டீகளா சார்?"

"படிச்சேன்."

"என்னோடதைக் குடுங்க. கிழிச்சுப் போட்டுட்டுப் போறேன். அப்புறம் யார்கிட்டச் சொல்லணுமோ சொல்லிக்கங்க."

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அன்றைக்கு அவருக்கு ஒற்றை டூட்டிதான், மாலை டூட்டிக்காரியிடம் பொறுப்பை ஒப்படைத்து நோட்டில் ஏ.எஸ். போட்டு மணி எழுதியபோது கை அப்படியே நின்றுவிட்டதாம். இதையே அரை மணி நேரத்துக்கு முன்னால் வேறொரு தாளில் செய்தோமே என்று உறைத்ததும், பெட்டி என்னிடம் வந்திருப்பதைக் கேட்டு நேரே இறங்கி வந்தாராம்.

அவருடைய தாளைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது கட்டத்தில் இருந்ததும் கண்ணில் பட்டது. மனம் திறப்பதெல்லாம் ஷீலாவுக்கு வராது. நர்ஸ் குறிப்பு எழுதுவது போலத்தான் எழுதியிருந்தார்.

'மார்ச் 9, மாலை 5 மணி. மருந்து கரைக்கும் தண்ணீர் என்று நினைத்துப் பொட்டாசியம் ஆம்பூலை உடைத்து ஊசியில் ஏற்றினேன். நோயாளியின் கையைப் பிடித்தபின் ஆம்பூலைத் திரும்பப் பார்த்தேன். கொடுக்கவில்லை. தொடர்ந்து மூன்றாவது நாள் இரட்டை டூட்டி. ஏ.எஸ். 2.10.'

அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் இருக்கும் பொட்டாசியம் அப்படி நேராக நரம்பில் போனால் இதயம் நின்றுவிடும். ரெக்கார்டு ரூம்காரனுக்கே தெரிந்த விஷயம் அது. படுக்கையில் இருந்தவர் ஒக்கூரைச் சேர்ந்த குழந்தைவேலு என்கிற விவசாயி. இரண்டு நாள் கழித்துச் சிஸ்டருக்கென்று ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கத்தரிக்காயைச் சமைக்க முடியாமல் ஷீலா அழுதிருக்கிறார்.

நாற்காலியில் உட்காரச் சொன்னேன். பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக உட்கார்ந்தார். இது வெளியே தெரிந்தால் ஐ.சி.யூ. போய்விடும், அது போனால் தனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னார். ஏற்கெனவே தெரிந்துவிட்டது என்றும் அவருக்குச் சந்தேகம். அன்றைக்கு மருந்து வண்டிக்குப் பக்கத்தில் தீபலட்சுமி நின்றிருந்தாள். புதுவயல் பெண், ஐ.சி.யூ.வில் சேர்ந்து நாலு மாதம். நர்சிங் சூப்பரிண்டெண்டுக்கு ஏதோ உறவு என்று பேச்சு. அன்றிலிருந்து அந்தப் பெண் ஷீலாவையே பார்க்கிறாளாம், ஏதோ சொல்ல வருவது போல வந்து சொல்லாமல் போகிறாளாம். வேவு பார்க்கத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவு செய்து, பதினைந்து நாளாக அவளோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை.

நான் இன்னொரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அடியில் டி.எல். 2.05 என்று இருந்தது. ஷீலா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

'எங்கள் மூத்த சிஸ்டர் ஒன்பதாம் தேதி தவறான ஆம்பூலை எடுத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் கை நின்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவர் பார்த்திருக்காவிட்டால் நானும் பார்த்திருக்க மாட்டேன், எனக்கும் அது மூன்றாவது நாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை. நான் சொல்லவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.'

ஷீலா அதை இரண்டு தரம் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதார். நான் என்ன செய்வேன்? மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

மணி மூன்றைத் தாண்டிவிட்டது. கத்தரிக்கோலை எடுத்தேன். கையெழுத்து எல்லாம் தாளின் அடி ஓரத்தில்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டதை மட்டும் வெட்டினால் வெட்டாததிலிருந்து தெரிந்துவிடும், எல்லாவற்றையும் ஒரே அளவாக வெட்டலாம் என்றேன். ஷீலா அடி ஸ்கேலை வைத்துப் பிடிக்க நான் வெட்டினேன். கையெழுத்து இல்லை என்று எத்தனை ஆயிரம் தாளைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! அன்றைக்கு ஒவ்வொரு கையெழுத்தாக வெட்டித் தள்ளும்போது என் விரலே எனக்கு அந்நியமாக இருந்தது.

முப்பது முடிந்தது. ஷீலாவின் தாள் மட்டும் மிச்சம். அதற்கு நான் கையை நீட்டியபோது அவர் கொடுக்கவில்லை.

"தீபா எழுதினதுல 'மூத்த சிஸ்டர்'னு இருக்கு சார். ஐ.சி.யூ.ல மூத்த சிஸ்டர் நான் ஒருத்திதான். பேரை வெட்டினாலும் என்னைக் கண்டுபிடிச்சிருவாக. அப்புறம் பக்கத்துல நின்னது யாருன்னு தேடுவாக. அது சின்னப்புள்ள. ஏன் மறைச்சேன்னு கேட்டுப் பழியை அதுமேல போட்டுருவாக."

அவளுடைய தாளைக் கிழித்துவிடலாம் என்றேன். முப்பத்தொன்று கொடுத்ததற்கு முப்பதுதான் இருந்தால் அதையும் தேடுவார்கள் என்றார். அதுவும் சரிதான். அப்படியானால் உங்கள் வேலை என்று ஆரம்பித்தேன்.

"நானே சொல்லிட்டேன்னா சாட்சியை யாரு தேடப் போறாக? கையெழுத்து இல்லாத குறிப்பு எழுதாத குறிப்புன்னு பதினெட்டு வருசமாச் சொன்னது நீங்கதான். முப்பது பேரு பேரில்லாம எழுதினா, வேலைக்குச் சோம்பிக்கிட்டு எழுதியிருக்காகன்னு தூக்கிப் போட்டுருவாக. ஒண்ணாவது எழுதின குறிப்பா இருக்கட்டும்."

சொல்லிவிட்டு, தாளை வெட்டாமலே என் மேஜைமேல் வைத்துவிட்டு அவர் எழுந்துபோனார். தியாகி போலவெல்லாம் போகவில்லை. பயந்துபோய்த்தான் போனார், கதவுப் பிடியை இரண்டு தரம் தப்பான பக்கம் திருப்பினார்.

நாலு மணிக்குச் சத்தியமூர்த்தி வந்தார். தாள் ஏன் குட்டையாக இருக்கிறது என்று கேட்டார். அச்சடித்தவன் அடியில் கோணலாக விட்டிருந்தான், ஒழுங்காக வெட்டி வைத்தேன் என்றேன். எல்லாம் தமிழில் இருப்பதால் வார்டு பிரிக்கத் தெரியவில்லை என்றும் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்று மட்டும் ஏன் நீளம் என்று அடுத்துக் கேட்டார். அதைக் கையில் கொடுத்தேன். படித்தார், முகம் மாறிற்று. இந்தத் தாளை நானே வைத்துக்கொள்கிறேன், மற்றதோடு சேர்க்க வேண்டாம் என்றார்.

என் வாழ்நாளில் நான் செய்த ஒரே வீரச் செயல் அப்போதுதான் நடந்தது, அதுவும் உட்கார்ந்த இடத்திலேயே. "முடியாதுங்க சார், ரிஜிஸ்டர்ல ஏத்திட்டேன்" என்றேன். தவறு நேர்ந்தாலும், நேரவிருந்து தப்பினாலும் அதை எழுத ஒரு பதிவேடு உண்டு. பல வருடமாக அது வெள்ளையாகவே கிடந்தது. அவர் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு அதன் முதல் பக்கத்தில் நம்பர் ஒன்று போட்டு ஷீலாவின் குறிப்பை ஏற்றியிருந்தேன். கையெழுத்தும் நேரமும் உள்ள தாள் ஆவணம், அதை எடுக்க எனக்கே அதிகாரம் இல்லை, சான்றிதழ் தருகிறவர்கள் முதலில் கேட்பது இந்தப் பதிவேட்டைத்தான் என்று பணிவாகச் சொன்னேன். பதிவேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

திங்கட்கிழமை ஷீலாவைக் கூப்பிட்டுப் பேசினார்கள். மரியாதையாகத்தான் பேசினார்களாம். கொஞ்ச நாள் ஓய்வு மாதிரி இருக்கட்டும் என்று புறநோயாளிகளுக்கு ஊசி போடும் அறைக்கு மாற்றினார்கள். பக்கத்தில் நின்றது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் கணக்கு அந்த அளவில் தப்பவில்லை.

மே மாதம் சான்றிதழ்காரர்கள் வந்தார்கள். பதிவேட்டில் எழுதியிருந்த ஒரே ஒரு பக்கத்தைப் படித்தார்கள். மூன்றாவது நாள் இரட்டை டூட்டி என்ற வரியின்கீழ் ஒருவர் விரலை வைத்துக்கொண்டு சத்தியமூர்த்தியை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த மாதம் நாலு நர்ஸுகளைப் புதிதாக எடுத்தார்கள், இரட்டை டூட்டி நின்றது. மேனேஜ்மெண்ட் தாராளம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

கொஞ்ச நாள் ஓய்வு என்றது இன்னும் முடியவில்லை. ஷீலா ஊசி அறையில்தான் இருக்கிறார். இப்போது தூக்கம் வருகிறதாம், பூசையில் சாமியார் பிரசங்கம் எவ்வளவு நீளம் என்று இப்போதுதான் தெரிகிறதாம். மதியச் சாப்பாட்டுக்குத் தீபலட்சுமி தூக்குவாளியோடு ஊசி அறைக்கு வந்துவிடுகிறாள். ஷீலா என்னிடமும் நன்றாகத்தான் பேசுகிறார். ஆனாலும் வெட்டிய துண்டுகளை என்ன செய்தேன் என்று மூன்று தரம் கேட்டுவிட்டார். எரித்துவிட்டேன் என்றால் நம்புவதில்லை, என் முகத்தையே பார்க்கிறார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேல், ஊசி அறையில் கூட்டம் குறைந்ததும், ரெக்கார்டு ரூமுக்கு வருவார். ஐ.சி.யூ. ஷீட் வந்திருக்கிறதா என்று கேட்பார். வெளி ஆளுக்குக் காட்டக் கூடாது என்பது விதி. எடுத்துக் கொடுப்பேன். நின்றபடியே புரட்டுவார். காலையில் ஒரு கையெழுத்து, மதியம் ஒன்று, இரவு வேறொன்று. எந்த எழுத்தும் கோட்டை விட்டு இறங்கவில்லை. ஏ.எஸ். என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. கடைசிப் பக்கம்வரை பார்த்துவிட்டு, ஷீட்டை மூடி, ஓரத்தைத் தட்டி ஒழுங்காக்கி என்னிடம் தருவார். எல்லாம் சரியா இருக்கு சார் என்று சொல்லிவிட்டுப் போவார்.